யாரைக் கேட்டு வரைந்தார்கள்?

கீழ்பென்னாத்தூரில் எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டுவதென்று முடிவானதும், திருவண்ணாமலையிலிருந்து ஒரு கட்டட நிறுவனத்தின் இன்ஜினியர் வந்தார். அப்பாவும் தம்பியும் அவரோடு கூடத்தில் உட்கார்ந்தார்கள். எத்தனை பெட்ரூம், மாடி இப்போதா பிறகா, கார் நிறுத்த இடம் வேண்டுமா, வாசல் எந்தப் பக்கம் என்று ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. அம்மா இரண்டு முறை காபி கொண்டுவந்து வைத்தாள். அந்த வீட்டை முப்பது வருடத்துக்கு மேல் பெருக்கி, மெழுகி, அதில் சமைத்து, பிள்ளை பெற்று வளர்த்தவளிடம் ஒரு கேள்வியும் வரவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன். நானும் கேட்கவில்லை.

புது வீட்டில் திண்ணை இல்லை, போர்டிகோ இருக்கிறது. புழக்கடை இல்லை, பின்சுவர் வரை அறை வந்துவிட்டது. அம்மா மல்லாட்டை உடைத்ததும், மகளிர் குழுப் பணத்தை எண்ணியதும், தெருப் பெண்களோடு பேசிக்கொண்டிருந்ததும் திண்ணையில்தான். இப்போது அவள் மாடிப்படியில் உட்காருகிறாள். “ஏம்மா இங்க உக்காந்திருக்க?” என்றேன் ஒருநாள். “வேற எங்கடி உக்கார்றது?” என்றாள்.

அதே வருடம் ஒரு தோழியின் நிச்சயதார்த்தத்துக்காகக் கிரிவலப் பாதைக்கு அருகில் ஒரு விடுதிக்குப் போனேன். வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை, மரத்தூண், நடுவில் முற்றம், நாட்டு ஓடு. எங்கள் வீட்டில் பழசு என்று இடித்துத் தள்ளியதெல்லாம் அங்கே ஒரு இரவுக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கில் இருந்தது. இதெல்லாம் “பாவா ஸ்டைல்” என்றார் மேலாளர். யார் இந்தப் பாவா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

ஜெஃப்ரி பாவா (1919–2003) இலங்கைக் கட்டடக் கலைஞர். முதலில் வழக்கறிஞர். பிறகு லண்டனில் கட்டடக்கலை படித்து, 1957இல் கொழும்பு திரும்பி, பிரிட்டிஷ் காலத்திலிருந்து இயங்கிவந்த ‘எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக்’ என்ற நிறுவனத்தில் பங்குதாரரானார். பெயரில் இருக்கும் மூவரும் வெள்ளைக்காரர்கள். நிறுவனம் வீடு, பள்ளி, அலுவலகம், ஹோட்டல் எல்லாவற்றையும் கட்டணம் வாங்கிக்கொண்டு வடிவமைத்தது. அதன் வேலை தமிழ்நாட்டுக்கும் வந்தது: மதுரை பாய்ஸ் டவுன், 1970களில் புதுப்பிக்கப்பட்ட சென்னை கன்னிமரா ஹோட்டல். கோட்டேயில் 1982இல் திறக்கப்பட்ட இலங்கை நாடாளுமன்றக் கட்டடம்தான் இந்நிறுவனத்தின் பெரிய வேலை. 2001இல் ஆகா கான் கட்டடக்கலை விருதுக் குழு பாவாவுக்குச் சிறப்பு விருது வழங்கியது.

இந்த நிறுவனத்தின் வரலாறு பெரும்பாலும் ஒரு மனிதரின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அவர் இடத்தைப் பார்த்தார், மரத்தை வெட்டாமல் கட்டடத்தை வளைத்தார், கட்டிக்கொண்டிருக்கும்போதே திட்டத்தை மாற்றினார் என்று. இவை பொய்யல்ல. ஆனால் நிறுவனம் இயங்கிய விதத்தைக் கவனித்தால் அது ஒரு கூட்டு வேலை என்பது தெரியும். டென்மார்க்கிலிருந்து வந்த உல்ரிக் பிளெஸ்னர் 1960களின் நடுப்பகுதி வரை பாவாவோடு சேர்ந்து வடிவமைத்தார். அவருக்குப் பிறகு தமிழரான பொறியாளர் பூலோகசுந்தரம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பங்குதாரராக இருந்தார். கூரை நிற்குமா, பணம் போதுமா, வேலை நேரத்துக்கு முடியுமா என்பதெல்லாம் இத்தகைய பங்குதாரர்களின் கவலை. ஆண்களின் பெயர்களே இப்படிப் பின்னுக்குப் போகும் இடத்தில் பெண்களின் பெயர்கள் எங்கே இருக்கும்?

ஈனா டி சில்வாவிடமிருந்து தொடங்கலாம். கொழும்பு ஆல்ஃபிரட் பிளேஸில் 1960 முதல் 1962 வரை இந்நிறுவனம் கட்டிய அவருடைய வீடு பாவாவின் திருப்புமுனை என்று சொல்லப்படுகிறது. நகரத்துச் சிறிய மனைகளில் அன்று எல்லோரும் நடுவில் ஒரு பங்களாவை வைத்து, சுற்றிலும் பயன்படாத இடத்தை விட்டார்கள். இந்த வீடு தெருவுக்குச் சுவரைக் காட்டியது. உள்ளே பெரிய முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரங்கள், அறைகள். பிறகு வந்த முற்றத்து வீடுகள் பலவற்றுக்கும் இது முன்மாதிரி. ஆனால் இப்படி ஒரு வீடு வேண்டும் என்று கேட்டவர் ஈனா. தான் வளர்ந்த பழைய மலைநாட்டு வீட்டின் முற்றமும் தாழ்வாரமும் வேண்டும், வாழ்க்கை நவீனமாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த கோரிக்கை. இதைப் புத்தகங்கள் மறைக்கவில்லை. வாடிக்கையாளரின் விருப்பம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, அடுத்த பத்துப் பக்கங்களில் கட்டடக் கலைஞரின் கற்பனையைப் பேசுகின்றன. ஒரு வீட்டில் எப்படி வாழ்வது என்று பல வருடம் வாழ்ந்து அறிந்த அறிவு விருப்பம் ஆகிவிடுகிறது. அதைக் காகிதத்தில் கோடாக்குவது மட்டும் கலை ஆகிறது.

ஹோட்டல்களிலும் இதுதான் நடந்தது. 1969இல் திறந்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் நிமிர்ந்து பார்த்தவர்களுக்குக் கூரை முழுக்க ஈனாவின் பத்திக் துணிகள் தெரிந்தன. அந்தக் கூடத்தின் வெளிச்சமும் நிறமும் அவரால் வந்தவை. பார்பரா சன்சோனி தொடங்கிய ‘பேர்ஃபுட்’ நெசவில் பெண்கள் நெய்த துணிகள் பாவாவின் கட்டடங்களுக்குள் போயின. பின்னாளில் ஈனா மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் ஊர்ப் பெண்களைச் சேர்த்து பத்திக்கும் தையலும் செய்யும் மையத்தை நடத்தினார். கட்டடக்கலை வரலாற்றில் இவர்களுக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. இடம் இருக்கிறது, ‘அலங்காரம்’, ‘கைவினை’ என்ற தலைப்பின் கீழ். சிமெண்டால் செய்தால் கட்டடம், துணியால் செய்தால் அலங்காரம் என்ற பிரிவினை எங்கிருந்து வந்தது என்று மாணவிகள் கேட்க வேண்டும்.

இன்னொரு டி சில்வா, மின்னெட் (1918–1998). ஈனாவுக்கு உறவில்லை. கண்டியில் பிறந்தவர். தாய் ஆக்னஸ், இலங்கைப் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். பம்பாயிலும் லண்டனிலும் படித்த மின்னெட், 1948இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் ராயல் கழகத்தில் உறுப்பினரான முதல் ஆசியப் பெண். கண்டியில் பெற்றோர் வீட்டிலேயே தன் அலுவலகத்தைத் தொடங்கினார். அவரது முதல் வீடான கருணாரத்ன இல்லம் 1950களின் தொடக்கத்தில் கட்டி முடிந்தது. கான்கிரீட்டோடு உள்ளூர்க் கைவினைஞர்களின் சுடுமண் ஓடும் தும்பறைப் பாய் நெசவும் அதில் கலந்தன. நவீனமும் மண்ணின் மரபும் சேர்ந்த கட்டடக்கலை என்று அவர் எழுதியும் பேசியும் வந்தபோது பாவா கட்டடக்கலை படித்து முடிக்கவில்லை. இலங்கைக்கு வந்த பிளெஸ்னர்கூட முதலில் வேலை செய்தது கண்டியில், மின்னெட்டிடம்தான். பிறகே கொழும்பில் பாவாவோடு சேர்ந்தார்.

மின்னெட்டுக்கு ஏன் அப்படி ஒரு நிறுவனம் அமையவில்லை? காரணம் ஒன்றல்ல. ஆனால் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. பாவாவுக்குக் கிடைத்தது ஏற்கனவே பெயர் பெற்ற ஒரு நிறுவனம். மூன்று ஆண்களின் பெயர் எழுதிய பலகைக்கு வாடிக்கையாளர்கள் வந்துகொண்டிருந்தார்கள். மின்னெட்டின் பலகையில் திருமணமாகாத ஒரு பெண்ணின் பெயர் மட்டும் இருந்தது. அவர் கடைசிக் காலத்தில் வறுமையில் இறந்தார். பாவாவின் பெயரில் அறக்கட்டளை இருக்கிறது. 2009இல் விற்கப்பட்ட ஈனாவின் வீடு கூட, கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, பெந்தோட்டைக்குப் பக்கத்தில் பாவாவின் தோட்டமான லுனுகங்கையில் மறுபடி எழுப்பப்பட்டது. வீடு அழியாமல் காக்கப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் ஒரு பெண் கேட்டு வாங்கி, வாழ்ந்த வீடு இன்று வரைந்தவரின் தோட்டத்தில் நிற்கிறது. பயணிகள் அங்கே தங்கிப்போகிறார்கள்.

இங்கே நிறுத்திக்கொண்டால் என் வாதம் பாதிதான். ஈனாவும் மின்னெட்டும் மேல்தட்டுப் பெண்கள். ஈனாவை அந்த நிறுவனம் கேட்டது, ஏனென்றால் அவரிடம் மனையும் பணமும் செல்வாக்கும் இருந்தன. அந்த முற்றத்தை யார் பெருக்கினார்கள் என்று எந்த வரைபடமும் சொல்லாது. அந்தச் சுவர்களுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களின் பெயரும் இல்லை. எங்கள் வீடு கட்டியபோது கலவை சுமந்த சித்தாள் அக்கா பதினைந்து வருடமாகச் சித்தாள்தான். அவரோடு வேலைக்கு வந்த பையன் நாலே வருடத்தில் கொத்தனார் ஆகிவிட்டான். கரண்டியைப் பிடிக்க அவரை யாரும் விடவில்லை. பெண் கட்டடக் கலைஞர்கள் பெருகினால் மட்டும் இது மாறிவிடாது.

ஆனால் மின்னெட்டின் ஒரு வேலை எனக்கு வழி காட்டுகிறது. 1950களின் பிற்பகுதியில் கண்டி வட்டபுலுவையில் அரசு ஊழியர் குடும்பங்களுக்காக ஒரு குடியிருப்பை அவர் வடிவமைத்தார். இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள். வரைவதற்கு முன் அங்கே குடிவரப்போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். எப்படி வாழ்கிறீர்கள், என்ன தேவை, எவ்வளவு செலவழிக்க முடியும் என்று கேட்டார். பதில்களிலிருந்து பல மாதிரி வீடுகளை உருவாக்கினார். அவர்கள் பெரிய மனிதர்கள் அல்ல, மாதச் சம்பளக்காரர்கள். அப்படியிருந்தும் கேட்டார்.

கட்டணத்துக்கு வேலை செய்யும் நிறுவனத்துக்கு இதற்கெல்லாம் ஏது நேரம் என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. சம்பளம் கொடுக்க வேண்டும், சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியாகிவிட்டது. ஆனால் பாவாவின் நிறுவனமும் கட்டணத்துக்குத்தான் வேலை செய்தது. ஒரு மரத்துக்காகத் திட்டத்தை மாற்ற அதற்கு நேரம் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த இன்ஜினியருக்கும் வாசல் திசை பற்றி அரைமணி நேரம் பேச நேரம் இருந்தது. நேரம் எப்போதும் இருக்கிறது, அது யாருக்காகச் செலவாகிறது என்பதில்தான் சிக்கல். பணம் கொடுக்கும் கையும் வீட்டில் புழங்கும் கையும் வேறு வேறாக இருக்கும்வரை ‘வாடிக்கையாளர்’ என்ற சொல் பெண்களை வெளியேதான் நிறுத்தும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் ஒரு கோலப்பொடி டப்பாவைக் கொடுத்து, உனக்கு வேண்டிய வீட்டை மொட்டைமாடியில் போட்டுக் காட்டு என்றேன். “போடி, எனக்கு என்ன தெரியும்” என்றவள், கொஞ்ச நேரத்தில் குனிந்துவிட்டாள். முதலில் தெருவைப் போட்டாள். பிறகு தெருவைப் பார்த்த திண்ணை. அடுப்படியிலிருந்து திண்ணை தெரிய வேண்டும் என்றாள், அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே வந்தவர்களோடு பேசலாமாம். புழக்கடையில் துணி துவைக்க ஒரு கல், மழையில் நனையாமல் கழிப்பறைக்குப் போக ஒரு கூரை. கடைசியாக, “எனக்குன்னு ஒரு அலமாரி, பூட்டு வச்சு” என்றாள். பெட்ரூம்களை அப்புறம் எங்கேயாவது வைத்துக்கொள்ளலாமாம்.

அந்தக் கோலத்தைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினேன். போர்டிகோவில் கார் இன்னும் வரவில்லை. ஒரு பக்கமாகக் கல் பரப்பித் திண்ணை போட எவ்வளவு ஆகும் என்று மேஸ்திரியிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறான். இந்த முறை அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்பதை அம்மா சொல்கிறாள்.