இரண்டு பல் குறைத்தால் போதும்

பழைய டாட்ஜ் பிக்கப்பில் 235/75 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயர் மாட்டினால், ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஓடும். முள் 60 மைல் காட்டும்போது உண்மை வேகம் 64. ஓடிய தூரமும் குறைவாகவே பதிவாகும்.

மருந்து கியர்பாக்ஸின் பின்பக்கம், ஸ்பீடோமீட்டர் கேபிள் நுனியில் இருக்கிறது: ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம். 32 பல் இருந்த இடத்தில் 30 பல் போட்டால் கேபிள் வேகமாகச் சுழலும்; கணக்கு நேராகும்.

எனக்குப் பிடித்தது அதைத் தாங்கும் கூடுதான். அதன் துளை மையத்தில் இல்லை, சற்று ஓரம் தள்ளியிருக்கும். 26-31 என்ற எண் கீழே வரும்படி கூட்டைத் திருப்பினால் சிறிய சக்கரமும் கச்சிதமாகப் பல்லோடு பல் சேரும். ஒரே கூட்டில் பல அளவுகளுக்கு இடம் வைத்தவர் பெரிய கைகாரர்.