உள்ளங்கை இராட்சதர்கள்

ஜப்பானிய இராட்சத ரோபோ பொம்மைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாருடைய கவனமும் கனத்த உலோகப் பொம்மைகள் மீதுதான் போகிறது. கண்ணாடி அலமாரியில் நிற்பவை அவை. ஏலத்தில் விலை ஏறுபவையும் அவைதாம். காப்ஸ்யூலுக்குள் அடைபட்டு வருபவை, மிட்டாய்ப் பெட்டியோடு சேர்த்து விற்கப்படுபவை, 300 யென்னுக்கும் 500 யென்னுக்கும் கிடைக்கும் நான்கைந்து சென்டிமீட்டர் குட்டிகள் எல்லாம் சில்லறைச் சாமான்களாக ஒதுக்கப்படுகின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. இராட்சத ரோபோ என்ற கற்பனையின் சாரத்தை மிக நுட்பமாகப் பிடித்து வைத்திருப்பவை இந்தக் குட்டிகளே. அவற்றைச் சேர்க்கும் வழக்கத்தில் ஆழமான கோளாறு ஒன்றும் இருக்கத்தான் செய்கிறது. அதற்குக் காரணம், அவற்றை விற்கும் முறை.

மிட்சுதேரு யொகோயாமா 1956இல் தொடங்கிய 'டெட்சுஜின் 28' சித்திரக்கதையில், பிரம்மாண்டமான இரும்பு மனிதன் ஒரு சிறுவனின் கையிலிருந்த கருவிக்குக் கட்டுப்பட்டு நடந்தான். 1972இல் கோ நாகாயின் 'மாஜிங்கர் இசட்' வந்தபோது, ஓட்டுபவனே ரோபோவின் தலைக்குள் ஏறி உட்கார்ந்தான். அந்த மாஜிங்கரை 1974இல் பாப்பி நிறுவனம் துத்தநாகக் கலவையில் வார்த்து விற்றது. கையில் எடுத்தால் கனக்கும், முஷ்டி பாய்ந்து போகும், நல்ல பொம்மை. ஆனால் அது பெரியவர்கள் மனம் வைத்து வாங்கித் தரவேண்டிய பொருள். கைச்செலவுக் காசோடு கடைக்குப் போகும் சிறுவனால் தானாகத் தீர்மானித்து வாங்க முடியாதது.

அந்தத் தீர்மானத்தைச் சிறுவர்கள் கையில் கொடுத்ததுதான் மலிவு செய்த முதல் நன்மை. 'மொபைல் சூட் கன்டம்' தொடரின் கதையே இதற்குச் சாட்சி. யோஷியுகி டொமினோ இயக்கி, குனியோ ஒகாவாரா இயந்திரங்களை வடிவமைத்த அந்தத் தொடர் 1979 ஏப்ரலில் தொடங்கியது. போதிய பார்வையாளர் இல்லை. விளம்பரதாரரான குளோவர் நிறுவனத்தின் பொம்மைகளும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 52 வாரங்களுக்குத் திட்டமிட்ட தொடர் 43இல் முடிக்கப்பட்டது. அது முடிந்து ஆறு மாதம் கழித்து, 1980 ஜூலையில், பண்டாய் நிறுவனம் 1/144 அளவில் ஒட்டிச் செய்யும் மாதிரி ஒன்றை 300 யென்னுக்கு வெளியிட்டது. பதினெட்டு மீட்டர் இயந்திரம் பன்னிரண்டரை சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டது. பாகங்கள் எல்லாம் வெள்ளை. மார்பின் நீலத்தையும் பாதத்தின் சிவப்பையும் வாங்கியவர்தான் பூச வேண்டும். மறு ஒளிபரப்புகளும் இந்த மலிவு மாதிரிகளும் சேர்ந்து, கைவிடப்பட்ட தொடருக்கு மறுவாழ்வு கொடுத்தன. 1981இல் அது திரைப்படமாகவும் வந்தது. மோகம் எல்லை மீறியதும் உண்டு. 1982 ஜனவரியில் சிபா மாகாணத்துப் பேரங்காடி ஒன்றில் இந்தப் பெட்டிகளை வாங்க முண்டியடித்த சிறுவர்கள் நகரும் படிக்கட்டில் விழுந்து காயப்பட்டார்கள்.

அதே 1982இல் பாப்பி வெளியிட்ட 'மெஷின் ரோபோ' வரிசையின் விலை பொம்மைக்கு 600 யென். உலோகமும் பிளாஸ்டிக்கும் கலந்த குட்டிகள்; பைக்காகவும் ஜெட்டாகவும் மாறுபவை. அமெரிக்காவில் டோங்கா நிறுவனம் இவற்றைத்தான் 'கோபாட்ஸ்' என்ற பெயரில் விற்றது. உருமாறும் ரோபோ என்றாலே டிரான்ஸ்ஃபார்மர்ஸை நினைக்கும் தலைமுறை இந்தக் குட்டிகளைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டது. அது நியாயமில்லை.

மலிவின் இரண்டாவது நன்மை இதைவிடப் பெரியது என்பேன். நான்கு சென்டிமீட்டர் இடமும் மூன்று நிறங்களும் மட்டுமே இருக்கும்போது, எதை விட்டுவிடலாம், எதை விடவே கூடாது என்று சிற்பி முடிவெடுத்தே ஆகவேண்டும். கன்டம் தொடரின் எதிரி இயந்திரமான 'ஜாக்கு'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கண், வாயிலிருந்து வளைந்து போகும் குழாய், இடது தோளில் கூர்முட்கள், வலது தோளில் கேடயம். இந்த நான்கும் இருந்தால் போதும். விரல் பிரியாவிட்டாலும், முழங்கால் மடங்காவிட்டாலும், ஓர் அடி தள்ளிவைத்துப் பார்த்தால் அது ஜாக்குதான். 1985இல் காப்ஸ்யூல் பொம்மைகளாகப் பரவிய 'எஸ்.டி.' கன்டம்கள் இந்தச் சிக்கனத்தை இன்னொரு படி கொண்டுபோயின. உடல் உயரத்தில் பாதிக்குப் பாதி தலை. போர் இயந்திரம் குழந்தையின் அளவுக்கணக்குக்கு மாறியும் அடையாளம் குலையவில்லை. எழுபது பாகமுள்ள விலையுயர்ந்த பொம்மையில் விவரங்களைக் குவித்துப் பிழைகளை மறைத்துவிடலாம். இங்கே மறைக்க இடம் ஏது? அதனால்தான் ஒரே ரோபோவின் குட்டிகளைப் பல ஆண்டு வெளியீடுகளிலிருந்து எடுத்து வரிசையாக வைத்துப் பார்ப்பது உண்மையான கல்வியாகிறது. தோள் அகல்வதும் இடுப்பு ஒடுங்குவதும் கால் நீள்வதும், ஒவ்வொரு காலத்தின் அழகுணர்ச்சியும் அதில் தெரியும். இந்தச் சேகரிப்புக்கு நான் கொடுக்கும் மதிப்பு முழுவதும் இதில்தான்.

குறைக்கு வருகிறேன். குட்டிகளில் பெரும்பாலானவை கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டியவை. காசைப் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் எது விழும் என்று தெரியாது. மிட்டாய்ப் பெட்டிகளிலும் பெரும்பாலும் இதே கதை. ஒரு வரிசையில் ஆறு வகை இருப்பதாகவும், ஒவ்வொன்றும் சம வாய்ப்பில் வருவதாகவும் வைத்துக்கொள்வோம். ஆறையும் சேர்க்கச் சராசரியாகப் பதினைந்து முறை திருக வேண்டிவரும். 300 யென் வீதம் சுமார் 4,400 யென். பார்த்து எடுத்தால் 1,800 யென்தான் ஆகும். இன்னும் கொடுமை, ஐந்து கிடைத்தபின் மிச்சமிருக்கும் அந்த ஒன்றுக்காக மட்டும் சராசரியாக ஆறு முறை திருக வேண்டும். ஒரே ஒரு பொம்மைக்கு ஒரு முழு செட்டின் விலை! கையில் மிஞ்சுவது ஒன்பது இரட்டைகள். மலிவு என்று சொல்லித் தொடங்கியது இப்படித்தான் முடிகிறது.

பண்டாய் காப்ஸ்யூல் தொழிலில் இறங்கியது 1977இல். வெவ்வேறு சீட்டுகளைச் சேர்த்து முடித்தவருக்குப் பரிசு என்று ஆசை காட்டி விற்பதை ஜப்பானிய நியாய வணிக ஆணையம் அறிவிப்பு வெளியிட்டுத் தடை செய்ததும் அதே 1977இல்தான். கைப்பேசி விளையாட்டுகளில் அதே தந்திரம் தலைகாட்டியபோது, அதுவும் அந்தத் தடைக்குள் வரும் என்று 2012இல் நுகர்வோர் விவகார முகமை அறிவித்தது. அந்த விளையாட்டு முறைக்கு 'கச்சா' என்ற பெயரே இந்தப் பொம்மை இயந்திரத்திலிருந்து போனது. காப்ஸ்யூல் பொம்மைகளுக்கு இந்தத் தடை பொருந்தாது. செட் முடித்தால் தனிப் பரிசு எதுவும் இல்லையே என்பது சட்டத்தின் கணக்கு. சேகரிப்பவரின் மனக்கணக்கு வேறு. முழு செட்டே அவருக்குப் பரிசு. 2021இல் டோக்கியோவின் இகேபுகுரோவில் 3,000க்கும் மேற்பட்ட இயந்திரங்களோடு ஒரே கூடத்தில் கடை திறக்கப்பட்டதென்றால், இந்த மனக்கணக்கின் பலம் எவ்வளவு என்று புரிந்துகொள்ளலாம்.

எதிர்பாராதது கைக்கு வரும் இன்பத்தை நான் மறுக்கவில்லை. தேடியே போயிருக்காத ஓர் உருவத்தோடு அப்படிப் பழக்கம் ஏற்படுவது நல்லதுதான். ஆனால் அந்த இன்பம் இரண்டு மூன்று திருகலில் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு திருகுபவர் பொம்மையைத் தேடுவதில்லை, பட்டியலில் உள்ள வெற்றிடத்தைத் தேடுகிறார். விழுந்ததைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கக்கூடப் பொறுமை இருப்பதில்லை. 'இது இருக்கிறதே' என்ற சலிப்போடு பைக்குள் போகிறது. பார்வைக்காகத் தொடங்கிய பழக்கம் பார்வையைப் பறித்துவிடுகிறது என்பதே என் பெரிய வருத்தம். காலியான காப்ஸ்யூல்கள் குப்பையாகக் குவிவது தனி வருத்தம். கடைகளில் அவற்றைத் திரும்பப் பெறும் பெட்டிகள் இருந்தாலும், தேவையற்ற இரட்டைகளை அந்தப் பெட்டியில் போட முடியாது.

பொருளின் தரத்திலும் கவனிக்க வேண்டியவை உண்டு. மென்மையான பி.வி.சி.யில் கலந்திருக்கும் இளக்கும் வேதிப்பொருள் காலப்போக்கில் வெளியே கசிந்து பொம்மை பிசுபிசுக்கும். அதைக் கெட்டியான பாலிஸ்டைரீன் பெட்டிக்குள் ஒட்டினாற்போல வைத்தால் பெட்டியின் சுவரே இளகிவிடும். வெள்ளை பிளாஸ்டிக் வெயில் பட்டால் மஞ்சளாகும். காப்ஸ்யூலில் மடங்கி வந்த வாளை வெந்நீரில் சில நொடி தோய்த்து நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் வைத்தால் நிமிர்ந்தபடியே நிற்கும். ஆனால் பிசுபிசுப்பை முழுதாகப் போக்க வழியில்லை. காப்ஸ்யூலைத் திறக்காமல் பத்திரப்படுத்துகிறேன் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மூடிய காற்றில் கசிவு போக இடமில்லாமல் பொம்மையின் மேலேயே படியும்.

எனவே என் தீர்ப்பு: குட்டி ரோபோக்களைச் சேர்ப்பது நல்ல பழக்கம், செட்டை முடிப்பது கெட்ட பழக்கம். இரண்டையும் பிரிக்க முடியும். டோக்கியோவின் நகானோ பிராட்வே போன்ற இடங்களில் பழைய பொம்மைக் கடைகள் உறை பிரித்த குட்டிகளைத் தனித்தனிப் பையில் போட்டு விற்கின்றன. அரிதானவற்றை விட்டுவிட்டால் விலை பெரும்பாலும் அடக்கமானதுதான். எது வேண்டும் என்று முன்னாலேயே தெரியும், முகத்தையும் வண்ணப்பூச்சையும் பார்த்து எடுக்கலாம், இன்னொருவரின் இரட்டைக்கும் வீடு கிடைக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரே ரோபோவின் மூன்று வேறு காலத்துக் குட்டிகளை முதலில் வாங்குங்கள். அந்த மூன்றையும் அலுக்கும்வரை பார்த்த பிறகு நான்காவதைப் பற்றி யோசிக்கலாம்.