முதுகில்லாத எதிரி

1

1994-ல் அமெரிக்காவில் இரண்டு வீடியோ கேம் கேசட்டுகள் வெளிவந்தன. இரண்டும் சூப்பர் நின்டெண்டோ என்கிற வீட்டுக் கருவியில் போட்டு ஆடுபவை. முதலாவதில் ஆடுபவர் ஒரு கோட்டைக்குள் நுழைந்து சிப்பாய்களைச் சுட்டுக்கொண்டே போகிறார். இரண்டாவதில் ஆடுபவர் பைபிளில் வரும் நோவா. பேழைக்குள் நடந்து, ஆடுகள் முதலான மிருகங்களுக்குக் கவணால் தீனி எறிந்து அவற்றைத் தூங்க வைக்கிறார். முதலாவது 'உல்ஃபன்ஸ்டைன் 3டி', இரண்டாவது 'சூப்பர் 3டி நோவாஸ் ஆர்க்'. இரண்டுக்கும் உள்ளே ஓடுகிற எந்திரம், அதாவது அடிப்படை நிரல், ஒன்றேதான்.

பழைய விளையாட்டுகளைத் தேடிப்பிடித்து ஆடுகிறவர்கள் இதை ஒரு ஜோக்காகச் சொல்வதுண்டு. கேட்டால் நமக்கும் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுக் கொஞ்சம் நின்று யோசித்தால், தணிக்கை பற்றியும் எதிரி என்கிற கட்டமைப்பு பற்றியும் நாம் வழக்கமாகப் பேசுகிற பல விஷயங்களை இந்த இரண்டு கேசட்டுகளும் கேள்விக்குள்ளாக்குகின்றன. 'வீடியோ கேமைப் போய் எழுதணுமா?' என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒன்று சொல்லலாம். அச்சில் இருப்பது மட்டும் பிரதி அல்ல என்று சொன்னவர்கள் நாம்தான். அதை ஒருதரம் செய்தும் பார்க்கலாமே.

2

முதலில் மூலப் பிரதி. 'உல்ஃபன்ஸ்டைன் 3டி' 1992 மே மாதம் கம்ப்யூட்டரில் ஆடுவதற்காக வெளியானது. தயாரித்தது அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர். ஜான் கார்மாக் நிரல் எழுதினார். ஜான் ரொமேரோ, டாம் ஹால், ஏட்ரியன் கார்மாக் ஆகியோர் உடன் உழைத்தவர்கள். 1981-ல் சைலஸ் வார்னர் ஆப்பிள் கணினிக்காகச் செய்த 'காசில் உல்ஃபன்ஸ்டைன்'தான் இதன் மூதாதை. அதில் ஆடுபவர் தன் உருவத்தைத் திரையில் பார்க்கலாம். பதுங்கலாம், எதிரியின் உடையைப் போட்டு ஏமாற்றலாம். 1992-ன் விளையாட்டில் அந்த உருவம் போய்விட்டது. திரையின் அடியில் நடுவாக ஒரு துப்பாக்கி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது யார்? நீங்கள்தான். தன்மை ஒருமையில் எழுதப்பட்ட கதையில் 'நான்' என்கிற சொல் நிற்கும் இடத்தில் இங்கே ஒரு துப்பாக்கி நிற்கிறது.

இந்தப் பார்வை உண்டாகிற விதம் எளிமையானது. திரையின் ஒவ்வொரு நெடுக்குக் கோட்டுக்கும் ஆடுபவரின் கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்படுகிறது. சுவரில் அது முட்டுகிற தூரத்தைப் பொறுத்துச் சுவரின் உயரம் வரையப்படுகிறது. சுவர்கள் எல்லாம் செங்கோணத்தில் மட்டுமே சந்திக்கின்றன. மேலே பார்க்க முடியாது, கீழே குனிய முடியாது. உலகம் முழுக்கவும் ஒரு கண்ணிலிருந்து அளக்கப்படுகிறது. யாருடைய கண்ணிலிருந்து உலகம் அளக்கப்படுகிறது என்று நாவல்களிடமும் வரலாற்று நூல்களிடமும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை இந்த விளையாட்டு மறைக்கக்கூட இல்லை. அதுவே அதன் கணக்கு.

எதிரிகள் நாஜிகள். சுவரெல்லாம் ஸ்வஸ்திகா. நாஜிக் கட்சியின் பாட்டே முகப்பிசை. மூன்றாம் பகுதியின் முடிவில் இரும்புக் கவசத்துக்குள் ஹிட்லர். ஆடுபவர் ஏற்கிற பாத்திரம் போலந்து வம்சாவளியில் வந்த ஒரு அமெரிக்கச் சிப்பாய். எஸ்.எஸ். படையினர் சாகும்போது 'மைன் லேபன்' என்று கத்துகிறார்கள். 'என் உயிரே' என்று அர்த்தம்.

இதைப் பாசிச எதிர்ப்புப் பிரதி என்று யாரும் தூக்கிப்பிடிக்க வேண்டாம். பாசிசம் எப்படி வந்தது, யாரைக் கொன்றது, யார் அதற்குக் கைகட்டி நின்றார்கள் என்பதில் அதற்கு அக்கறை கிடையாது. ஸ்வஸ்திகா அங்கே ஒரு வால்பேப்பர். நாஜி என்கிற சொல், ஆடுபவர் குற்றவுணர்ச்சியின்றிச் சுடுவதற்கான லைசென்ஸ். அவ்வளவுதான்.

3

இதைச் சூப்பர் நின்டெண்டோவுக்குக் கொண்டுவந்தபோது அமெரிக்க நின்டெண்டோ நிறுவனத்தின் விதிகள் குறுக்கே வந்தன. ரத்தம், மதச் சின்னம், அரசியல் கருத்து எதுவும் கூடாது என்பது அந்த விதிகளின் சாரம். இதன்படி என்னென்ன மாறின என்று பாருங்கள். ரத்தம் வியர்வையாயிற்று. ஸ்வஸ்திகாக்கள் அகற்றப்பட்டன. ஹிட்லருக்கு மீசையை எடுத்து 'ஸ்டாட்மைஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மனி 'மாஸ்டர் ஸ்டேட்' ஆனது. ஜெர்மன் மொழிக் கூச்சல்கள் ஆங்கிலமாயின. காவல் நாய்களைச் சுடுவது மனசைச் சங்கடப்படுத்தும் என்று அவற்றை ராட்சத எலிகளாக்கினார்கள்.

சரி, சுத்தம் பண்ணிவிட்டார்கள். ஆனால் அதே கேசட்டில் கம்ப்யூட்டர் பிரதியில் இல்லாத இரண்டு ஆயுதங்கள் புதிதாகச் சேர்ந்தன. ஒன்று தீயைப் பீய்ச்சும் துப்பாக்கி, மற்றது ராக்கெட் ஏவி. ரத்தம் போனது, நெருப்பு வந்தது. கொல்லப்படுகிறவனுக்கு வியர்க்கிறது, கொல்கிறவன் கையில் ஆயுதம் கூடுகிறது. விதிகளில் எதுவும் மீறப்படவில்லை.

தணிக்கை என்றால் அழிப்பது என்று நாம் பழகிவிட்டோம். கத்திரிக்கோல், கறுப்பு மை, காலி இடம். இங்கே காலி இடமே இல்லை. ஒவ்வொரு வெட்டும் வேறொன்றால் நிரப்பப்படுகிறது. தணிக்கை எழுதுகிறது. அது எழுதிய புதிய பிரதியில் வரலாறு இல்லாத ஒரு நாடு இருக்கிறது. அங்கே ஏன் சண்டை, இந்தச் சிப்பாய்கள் யார், போலந்துப் பெயர்கொண்டவனுக்கு இவர்கள்மேல் என்ன கோபம் என்பதற்கெல்லாம் பதில் கிடையாது. பதில் இல்லாமலே விளையாட்டு ஜோராக ஓடுகிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். லைசென்ஸைப் பிடுங்கிய பிறகும் துப்பாக்கி சுடுகிறது. அப்படியானால் அந்த லைசென்ஸ் ஆரம்பத்திலிருந்தே தேவைப்படவில்லை. நாஜியைச் சுட்டது நாஜி என்பதற்காக அல்ல, எதிரே நின்றதற்காக. நின்டெண்டோவின் விதிகள் தங்களை அறியாமலே மூலப் பிரதியைக் கட்டுடைத்துக் காட்டிவிட்டன.

ஜெர்மனியில் நடந்ததை இதோடு ஒப்பிட வேண்டும். தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் சின்னங்களைக் குற்றமாக்கும் சட்டத்தின்படி 1994-ல் அங்கே கம்ப்யூட்டர் பிரதி பறிமுதல் செய்யப்பட்டது. சினிமாவில் கலைக்காகவும் வரலாற்றுக்காகவும் அனுமதிக்கப்பட்ட அதே சின்னம், விளையாட்டில் வெகுகாலம் அனுமதிக்கப்படவில்லை. 2018-ல்தான் ஒவ்வொரு விளையாட்டையும் தனித்தனியே பார்த்து முடிவு செய்வது என்று வந்தது. இரண்டு தடைகளும் அகற்றச் சொன்னது ஸ்வஸ்திகாவைத்தான். ஆனால் ஜெர்மனியின் தடை ஒரு நினைவிலிருந்து வருகிறது: 'இது எங்கள் வீட்டில் நடந்தது, இதோடு விளையாடாதே.' நின்டெண்டோவின் தடை மறதியிலிருந்து வருகிறது: 'எதையும் ஞாபகப்படுத்தாதே, சரக்கு விற்கணும்.' தடைக்கு ஆதரவா எதிர்ப்பா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இந்த வித்தியாசம் நம் கண்ணில் படாது.

4

இந்தக் கேசட்டை நான் எமுலேட்டரில் போட்டு ஆடிப் பார்த்தேன். வியர்வையையும் எலியையும்விட என்னை உறுத்தியது வேறொன்று. கம்ப்யூட்டர் பிரதியில் ஒவ்வொரு சிப்பாயும் எட்டுத் திசைகளிலிருந்து வரையப்பட்டவன். அவன் நடந்து போகும்போது முதுகு தெரியும், பக்கவாட்டு முகம் தெரியும். உங்களைப் பார்க்காத ஒரு சிப்பாய் அங்கே உண்டு. அவன் பின்னால் பூனைபோல் போகலாம், போகாமலும் விட்டுவிடலாம். சூப்பர் நின்டெண்டோ கேசட்டில் இடம் கம்மி. எட்டுத் திசைப் படங்களையும் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே முன்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அங்கே நீங்கள் எங்கே நின்று பார்த்தாலும் எதிரி உங்களைப் பார்த்தபடியே நிற்கிறான். எதிரிக்கு முதுகு கிடையாது.

'இது தொழில்நுட்ப நெருக்கடி, இதில் போய் அரசியலா?' என்று கேட்கலாம். நெருக்கடி உண்மைதான். 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அந்தக் கருவிக்கு இந்த விளையாட்டு பெரும் சுமை. அதைத் தாங்கவைக்க, இடத்தைத் திரும்பத் திரும்ப இரண்டிரண்டாகப் பிரித்து அடுக்கும் ஒரு முறையைக் கார்மாக் இங்கேதான் முதலில் கையாண்டார். 1993 டிசம்பரில் வந்த 'டூம்' விளையாட்டின் பலமே அந்த முறைதான். வறுமை புத்தியைக் கூர்மையாக்கும் என்பதற்கு நல்ல உதாரணம். ஆனால் இடம் பற்றாதபோது எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று ஒருவர் உட்கார்ந்து தீர்மானிக்கிறார். புதிய ஆயுதங்களுக்கு இடம் கிடைத்தது. எதிரியின் முதுகுக்குக் கிடைக்கவில்லை. சிக்கனம் என்பது எப்போதும் ஒரு வரிசைப்படுத்தல். பட்ஜெட் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதுகு இருந்தால் என்ன? நம் புறத்திணை மரபில் தழிஞ்சி என்றொரு துறை உண்டு. புறமுதுகிட்டு ஓடுகிறவன்மேல் ஆயுதம் ஓச்சாமை என்று புறப்பொருள் வெண்பாமாலை அதற்குப் பொருள் சொல்கிறது. தொல்காப்பிய உரைமரபில் இதே சொல், புண்பட்ட வீரரைத் தழுவி விசாரிப்பதைக் குறிக்கும். மன்னர் புகழைப் பாடிய மரபு அது. அதன் அறத்தைப் பூஜிக்க நான் சொல்லவில்லை. ஆனால் கொலையை இலக்கணமாக்கிய அந்த மரபுக்கும்கூட, எதிரிக்கு ஒரு முதுகு தேவைப்பட்டது. முதுகுள்ளவன் பயப்படலாம், ஓடலாம், வேறெங்கோ பார்க்கலாம், வீட்டுக்குத் திரும்பலாம். அவனை விட்டுவிடுகிற சாத்தியம் உனக்கு உண்டு. முதுகில்லாதவனுக்கு உன்னைப் பார்ப்பதைத் தவிர வேறு வாழ்க்கை இல்லை. அவன் எப்போதும் உன்னைத் தாக்கவே வருகிறான். ஆகவே நீ எப்போது சுட்டாலும் அது தற்காப்பு.

உலகத்தில் எந்த அரசும் தன் எதிரியை இப்படித்தான் வரைகிறது. மோதலில் சுட்டோம், அவன்தான் முதலில் சுட்டான் என்கிற அறிக்கைகளில் செத்தவனுக்கு முதுகு இருப்பதில்லை. பிரேதப் பரிசோதனையில்தான் சிலசமயம் முதுகும், அதிலிருக்கும் குண்டுக் காயமும் வெளியே வரும்.

5

இனி நோவா. இதை வெளியிட்ட விஸ்டம் ட்ரீ கிறிஸ்தவ விளையாட்டுகளை விற்ற கம்பெனி. நின்டெண்டோவிடம் அனுமதி வாங்காமல் கொண்டுவந்தார்கள். கருவிக்குள் ஒரு காவல் சில்லு இருக்கிறது. அனுமதியில்லாத கேசட்டை அது ஓடவிடாது. ஆகவே நோவாவின் கேசட்டுக்கு மேலே, அனுமதி பெற்ற வேறொரு கேசட்டைச் செருகித்தான் ஆட முடியும். கடவுளின் பேழையும் கம்பெனி முத்திரையைத் தலையில் சுமந்துதான் மிதக்க வேண்டியிருந்தது.

அதிலே ரத்தமில்லை, சாவில்லை. முலாம்பழமும் தர்பூசணியும் பாய்கின்றன, மிருகங்கள் தூங்குகின்றன. நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தாழ்வாரம் அதே தாழ்வாரம், கண் அதே கண். ஆடு எதிரே வருகிறது, குறிவை, வீழ்த்து. கருணையும் இங்கே குறிபார்த்துத்தான் எறியப்படுகிறது. தீனி வேண்டுமா என்று யாரும் ஆட்டைக் கேட்கவில்லை. உள்ளடக்கத்தை மாற்றிவிட்டால் பிரதி மாறிவிடும் என்று நம்புகிற முற்போக்கு எழுத்தாளர்கள் இந்தக் கேசட்டை ஒருமுறை ஆடிப்பார்க்கலாம். பழைய கதையின் எந்திரத்துக்குள் புதிய கொள்கையைச் செருகி நாமும் நிறைய நோவாக்களைப் படைத்திருக்கிறோம்.

1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் லீபர்மேனும் கோலும் வீடியோ கேம் வன்முறை பற்றி விசாரணை நடத்தினார்கள். பேச்சு பெரும்பாலும் எது எவ்வளவு கோரமாகக் காட்டப்படுகிறது என்பதைச் சுற்றியே போயிற்று. 1994-ல் வயது முத்திரை குத்தும் ஏற்பாடு வந்தது. விளையாட்டு ஆடினால் பிள்ளைகள் கொலைகாரர்கள் ஆவார்களா என்கிற விவாதம் என்னுடையது அல்ல. கண்ணுக்குத் தெரிகிற ரத்தத்தை அளக்கிற விமர்சனம், பார்வை கட்டப்பட்டிருக்கும் விதத்தைத் தொடாமலே போய்விடுகிறது என்பதுதான் என் புகார்.

வேறு மாதிரி யோசித்தவரும் உண்டு, அதுவும் நின்டெண்டோவுக்குள்ளேயே. 1997-ல் நின்டெண்டோ 64-க்கு வந்த 'கோல்டன் ஐ' விளையாட்டு தயாரானபோது, ஷிகெரு மியாமோட்டோ ஒரு யோசனை சொல்லி அனுப்பினார். கடைசியில் ஆடுபவர் ஆஸ்பத்திரிக்குப் போய், தான் சுட்ட எதிரிகள் எல்லோரோடும் கைகுலுக்க வேண்டும் என்பது அந்த யோசனை. தயாரிப்பை நடத்திய மார்ட்டின் ஹாலிஸ் இதை 2015-ல் சொன்னார். அது நடக்கவில்லை. சினிமாவில் போல நடிகர் பட்டியல் காட்டி முடித்துவிட்டார்கள். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தழிஞ்சியில் அரசன் விசாரித்தது தன் படையின் புண்பட்டவர்களை. மியாமோட்டோ எதிரியின் கட்டிலுக்குப் போகச் சொல்கிறார். கட்டிலில் கிடக்கிறவனுக்கு முதுகு இருக்கிறது, அது மெத்தையில் பதிந்திருக்கிறது.

கொச்சைச் சொல்லை எடு, சாதிப் பெயரை எடு, ரத்தத்தை எடு என்று பிரதிகளிடம் கேட்கிற வேலையை அதிகாரத்தில் இருப்பவர்களும் செய்கிறார்கள், சிலசமயம் நாமும் செய்கிறோம். பெயரை எடுத்த பிறகு யார் யாரைக் கொன்றார்கள் என்று சொல்ல வழியில்லாமல் போகிறது. கொலை மட்டும் மிஞ்சுகிறது. ஒரு கதையையோ கட்சி அறிக்கையையோ போலீஸ் அறிக்கையையோ வாசிக்கும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வியை இந்தப் பழைய கேசட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்: இதிலே எதிரிக்கு முதுகு வரையப்பட்டிருக்கிறதா?