வின்ட்டோன் ஜோடி: காவிரிப் பாலத்துக்குச் சரி, சின்னக்கடை வீதிக்கு?

மெயின் கார்டு கேட்டைத் தாண்டி நந்தி கோயில் தெருவுக்குள் வண்டியை விட்டதுமே வகைவகையான ஹார்ன் காதில் விழும். ஸ்கூட்டரின் மெல்லிய பீப் ஒரு பக்கம், ஆட்டோவின் கரகரப்பு இன்னொரு பக்கம், சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து தனியார் டவுன் பஸ்ஸின் நீண்ட ஊதல். இந்தக் கூட்டத்தில் 100 சிசி வண்டியின் கம்பெனி ஹார்ன் எடுபடுவதே இல்லை என்பது திருச்சி ஓட்டிகளின் பழைய புகார். ஸ்பேர்ஸ் கடையில் போய் நின்றால் அதற்குக் கிடைக்கும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான்: கார் ஹார்ன் மாதிரி ஒலிக்கும் ஒரு ஜோடி வின்ட்டோன் ஹார்ன்.

இந்தச் சந்தையில் வெளிநாட்டுப் பெயர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஹார்ன் தயாரிப்பில் நாட்டின் பெரிய பெயர்களில் ஒன்றான ரூட்ஸ் கோவையில்தான் இருக்கிறது. 2013-ல் ஸ்பெயினின் கிளார்ட்டன் ஹார்ன் நிறுவனத்தை விலைக்கு வாங்கிய மிண்டாவும் இந்திய நிறுவனம்தான். போஷ், ஹெல்லா டப்பாக்களும் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் தமிழ்நாட்டு மெக்கானிக் ‘வின்ட்டோன்’ என்று சொன்னால், அவர் மனதில் இருப்பது அநேகமாகக் கோவைச் சரக்காகத்தான் இருக்கும்.

வண்டியோடு வருவது தட்டு ஹார்ன். உள்ளே ஒரு காயில், ஒரு காண்டாக்ட் பாயின்ட், முன்னால் மெல்லிய எஃகுத் தகடு. பட்டனை அமுக்கினால் காந்தம் தகட்டை இழுக்கும். இழுத்ததும் காண்டாக்ட் பிரியும், தகடு பின்வாங்கும், காண்டாக்ட் மறுபடி சேரும். வினாடிக்கு 400 முறையை ஒட்டி இது நடக்கிறது. தகட்டை அதிரவைத்து ஒலி எழுப்பும் யோசனை புதிதல்ல. அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்சிசன் 1908-ல் காப்புரிமை பெற்ற கிளாக்சனும் தகட்டை நம்பியதுதான். மின்சாரத்தில் இயங்கும் காது கேட்கும் கருவியைச் செய்த முன்னோடிகளில் ஒருவரும் அதே ஹட்சிசன்தான். ஆள் இரண்டு பக்கமும் வியாபாரம் பார்த்திருக்கிறார்!

வின்ட்டோனிலும் தகடு உண்டு. ஆனால் அந்த அதிர்வு நேராக வெளியே வராமல், நத்தை ஓடுபோல் சுருண்ட குழாய்க்குள் இருக்கும் காற்றை அசைத்துவிட்டு வருகிறது. அதனால் தட்டு ஹார்னின் தகரச் சத்தம் போய், கார் ஹார்னின் திரண்ட நாதம் கிடைக்கிறது. ஜோடியில் ஒன்று தாழ்ந்த சுருதி, மற்றது உயர்ந்தது. 400, 500 ஹெர்ட்ஸ் என்பது பரவலாகக் காணப்படும் இணை. 400-ஐ ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் 500 சரியாக அந்தர காந்தாரத்தில் போய் நிற்கும். ஸ்ரீரங்கத்துச் சங்கீதக் காதுகளுக்கு இந்த ஜோடி ஏன் அத்தனை உறுத்துவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

‘இரண்டு ஹார்ன், இரண்டு மடங்கு சத்தம்’ என்று கடையில் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே அளவு சத்தமுள்ள இரண்டு ஹார்ன்களைச் சேர்த்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். வின்ட்டோனின் பலம் சத்தத்தைவிட நாதத்தில்தான் இருக்கிறது. கார் வருகிறது என்று நினைத்து முன்னால் போகிறவர் ஒதுங்குகிறார். கொஞ்சம் ஏமாற்று வேலைதான், ஆனால் பலிக்கிறது.

மாட்டும் வேலைக்கு வருவோம். பெரும்பாலான சொதப்பல் இங்கேதான் நடக்கிறது. கம்பெனி ஹார்ன் இழுப்பது 2 ஆம்பியரை ஒட்டிய மின்சாரம். வின்ட்டோன் ஜோடி 8 முதல் 10 ஆம்பியர் வரை கேட்கும். 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் நூறு வாட்டை ஒட்டி வருகிறது, அதாவது 35 வாட் ஹெட்லைட் மூன்றை ஒரே நேரத்தில் எரிப்பது மாதிரி. ஹேண்டில்பாருக்குள் ஓடும் மெல்லிய வயரும் குட்டிப் பட்டனும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பழைய ஹார்னின் வயர் செருகியான கப்ளரை நேராகப் புது ஹார்னில் செருகினால் சத்தம் தொண்டை கட்டியதுபோல் வரும்; போகப்போக ஸ்விட்ச் காண்டாக்ட் கருகும். “ரிலே போடாம மாட்டாதீங்க தம்பி, நாளைக்கு ஸ்விட்ச் மாத்தணும்னு எங்கிட்டயேதான் வருவீங்க” என்று சொல்லும் மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடக் கூடாது.

ரிலே என்பது பட்டனின் சிறு மின்சாரத்தை வைத்து ஹார்னின் பெரிய மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் தனி ஸ்விட்ச். அதில் நான்கு கால்கள். 30-ஆம் எண் கால் 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக பேட்டரியின் பாசிட்டிவுக்கு. 87 இரண்டு ஹார்ன்களுக்கும். 85, 86 இரண்டும் பழைய ஹார்ன் கப்ளரின் இரு முனைகளுக்கு. சில வண்டிகளில் பட்டன் பாசிட்டிவைத் தரும், சிலவற்றில் எர்த்தைத் தரும். கப்ளரின் இரு முனைகளையும் இப்படி ரிலேயின் காயிலுக்கே கொடுத்துவிட்டால் எது எப்படி என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. (உள்ளே டயோடு வைத்த ரிலே என்றால் மட்டும் பிளஸ், மைனஸ் பார்த்துக் கொடுக்க வேண்டும்.) ஹார்ன்களின் எர்த்தை பெயின்ட் சுரண்டிய சேஸிஸிலோ நேராக பேட்டரி நெகட்டிவிலோ கொடுக்கலாம். பெயின்ட் மேலேயே நட்டை முறுக்கிவிட்டு ‘ஹார்ன் சரியில்லை’ என்று கடைக்குத் திரும்புகிறவர்கள் அநேகம்.

100 சிசி வண்டியில் அடுத்த தலைவலி, இடம். நத்தை இரண்டும் ஃபோர்க்குக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது இடிக்கிறதா, பள்ளத்தில் ஃபோர்க் அமுங்கும்போது மட்கார்டு தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினுக்குப் போகும் காற்றையும் அடைக்கக் கூடாது. வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்கு உள்ளே தண்ணீர் நின்றுவிடும். ஹார்னோடு வரும் மெல்லிய பட்டை கிளாம்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தடித்த இரும்பில் இறுக்குவது இன்னொரு தவறு. அந்தப் பட்டை கொஞ்சம் அசைந்து கொடுத்தால்தான் ஹார்ன் முழுத் தொண்டையில் பேசும்.

இனி சாலை. அண்ணா சிலையைக் கடந்து காவிரிப் பாலத்தில் ஏறினால் வின்ட்டோனின் அருமை தெரிகிறது. ஆற்றுக் காற்றும் பஸ் இரைச்சலும் சேர்ந்து கம்பெனி ஹார்னை விழுங்கிவிடும் இடம் அது. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும் என்பது இயற்பியல். அங்கே நாதம் உள்ள ஹார்ன் முன்னால் போகும் பஸ்ஸின் டிரைவர் வரை போய்ச் சேருகிறது. முசிறி சாலையின் வளைவுகளிலும் சென்னை பைபாஸில் லாரியை முந்தும்போதும் இதே கதைதான். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியும் பாட்டுமாகப் போகும் கார்காரரையும் தாழ்ந்த சுருதி ஓரளவு எட்டுகிறது. நெடுஞ்சாலையில் தினம் ஓடுகிறவருக்கு இது காசுக்குத் தகுந்த பண்டம். ரிலே, வயர், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயை ஒட்டி வேலை முடிந்துவிடும்.

சின்னக்கடை வீதியில் நிலவரம் வேறு. இருபுறமும் கடைச் சுவர்கள் ஒலியைத் திருப்பி அடிப்பதால் திறந்தவெளிக் கணக்கு அங்கே செல்லாது. பாலத்தில் இதமாகக் கேட்ட அதே ஹார்ன் இங்கே ஆளைத் தூக்கிப் போடுகிறது. கட்டைப்பையோடு போகும் அம்மா திடுக்கிட்டுத் திரும்புகிறார்; ஒதுங்க அவருக்கு இடம் இருந்தால்தானே ஒதுங்குவார்? தெருவில் இல்லாத இடத்தை ஹார்ன் உண்டாக்கித் தராது.

சட்டமும் இந்த இடத்தில்தான் குறுக்கே வருகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். தெப்பக்குளத்தருகே பிஷப் ஹீபர் பள்ளி, மெயின் கார்டு கேட்டருகே செயின்ட் ஜோசப் கல்லூரி, சற்றுத் தள்ளி ஹோலி கிராஸ் கல்லூரி என்று ஒவ்வொன்றுக்கும் வட்டம் போட்டால், கோட்டைப் பகுதியில் மனசாட்சியோடு ஹார்ன் அடிக்க மிஞ்சுவது கொஞ்ச இடம்தான். அமைதி மண்டலத்திலும், குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரையும் ஆபத்து நேரம் தவிர ஹார்ன் கூடாது. தேவையில்லாமலோ தடைசெய்த இடத்திலோ அடித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவின்படி முதல்முறை 1,000 ரூபாய், மறுமுறை 2,000 ரூபாய் அபராதம்.

அப்படியானால் வின்ட்டோன் ஜோடியே குற்றமா? இல்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி 119 தடுப்பது, அடுத்தடுத்து வெவ்வேறு சுரங்களை எழுப்பும் ஹார்னையும், மிகக் கடூரமாகவோ திகிலூட்டும்படியோ ஒலிக்கும் கருவியையும்தான். வின்ட்டோன் இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாக அல்ல. பிடிபடுவது நாயாகக் குரைக்கும் ஹார்ன், குழந்தையாக அழும் ஹார்ன், பாட்டுப் பாடும் ஹார்ன், கம்ப்ரசர் வைத்த ஏர் ஹார்ன் வகையறா. புல்லாங்குழல், தபலா போன்ற இந்திய வாத்தியங்களின் ஒலியையே ஹார்னாக்கலாம் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2021-லும் 2025-லும் பேசினார். மலைக்கோட்டை வீதிகளில் ஆயிரம் வண்டிகள் ஒரே நேரத்தில் தபலா வாசிப்பதை நினைத்தால், இருக்கும் விதியே தேவலை என்று தோன்றுகிறது.

பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதி 28-ஐப் பார்த்தால் இன்னொரு விஷயம் புரியும். வண்டிக்கு 7 மீட்டர் முன்னால் அளக்கும்போது, 7 கிலோவாட் வரையுள்ள பைக்கின் ஹார்ன் 83 முதல் 112 டெசிபலுக்குள் இருந்தால் போதும் என்கிறது அது. கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடையே பெரிய வித்தியாசம். புதிதாக இருந்தபோது நன்றாகப் பேசிய கம்பெனி ஹார்ன், துருவும் தூசியும் சேர்ந்து கீழ் எல்லைப் பக்கம் இறங்கியிருக்கலாம். அதனால் புது ஹார்னுக்குப் பணத்தை எடுப்பதற்கு முன், பட்டனை அமுக்கியபடி ஹார்ன் முனையில் மீட்டரை வைத்துப் பார்க்கலாம். பேட்டரியில் 12 வோல்ட் இருந்து அங்கே 10 தான் வருகிறது என்றால், கோளாறு ஹார்னில் இல்லை, கனெக்‌ஷனில். டெர்மினலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பின்பக்க ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தால் பழைய ஹார்னே பல வண்டிகளில் பிழைத்துக்கொள்கிறது. ஸ்ரீரங்கத்துக்கும் சத்திரத்துக்கும் இடையே மட்டும் ஓடுகிறவருக்கு இதுவே போதும்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள், வாரண்டி உள்ள வண்டியில் வயரை வெட்டவிடாமல் கப்ளரோடு கப்ளர் சேர்க்கச் சொல்ல வேண்டும். பேட்டரி பழையது என்றால் முதலில் அதை மாற்றுவது நல்லது. 2020-க்குப் பிந்தைய பிஎஸ்-6 வண்டிகளில் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனும் அதே பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. கழற்றிய பழைய ஹார்னைக் காயலான் கடையில் போட்டுவிட வேண்டாம். வண்டியை விற்கும்போதோ, 15 ஆண்டு முடிந்து ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டும்போதோ அதை மாட்டிக்கொண்டு போவதுதான் வசதி.