திருவெழுகூற்றிருக்கையின் யாப்பமைதி

சித்திரகவி என்றாலே அது வெறுஞ் சொல்விளையாட்டு, அன்பிற்கு அயலானது என்று ஒதுக்குவாருளர். ஆளுடைய பிள்ளையார் சீகாழிமேல் அருளிய திருவெழுகூற்றிருக்கைக்கு அக்கூற்றுப் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயப்படும்.

முதல் திருமுறையுள் அமைந்த இப்பாட்டு, பதிகம்போற் பகுக்கப்படாது ஒரே தொடராய் அகவலோசையிற் சென்று ஏகாரத்தான் இறுவது. எண்கள் ஒன்று, இரண்டு, ஒன்று எனத் தொடங்கி, அடுத்த படியில் மூன்றுவரை ஏறி இறங்கும். இங்ஙனம் படிதோறும் ஓரெண் மிகுந்து ஏழளவுஞ் செல்லும். ஏழுவரை ஏறியிறங்குதல் மட்டும் இருமுறை நிகழ்தலின், படிகளும் ஏழாதல் காண்க.

இவ்வெண்களோடு சீகாழியின் பன்னிரு பெயர்களும் பிணைக்கப்பட்ட திறமே வியக்கத்தக்கது. முதன்முறை ஏழினின்றும் ஒன்றுவரை இறங்குமிடத்துப் பிரமபுரம் முதற் சிரபுரம் ஈறாகப் பெயர் ஏழும் எண்ணுக்கு ஒன்றாய் நிற்கின்றன. அடுத்த ஏற்றத்தில், ஒன்றும் இரண்டும் இராவணன் செருக்கடங்கியதனையும், மூன்றும் நான்கும் மாலும் அயனும் அறியாமையையும், ஐந்தும் ஆறும் அமணர் தேரரையும் சுட்ட, முறையே புறவம், சண்பை, காழி என்பன தொடர்கின்றன. ஏழிற் கொச்சைவயம், இறுதியிற் கழுமலம். பிள்ளையார் பதிகங்களில் எட்டு, ஒன்பது, பத்தாம் பாடல்களிற் பெரும்பான்மையும் வரும் பொருள் மூன்றும் அவ்வரிசை பிறழாது இங்கும் வருகின்றன. ஈற்றில் நிற்கும் கவுணியன் என்னும் பெயர் திருக்கடைக்காப்பின் இடத்தை நிரப்புகின்றது.

எண்ணும் பெயரும் இவ்வாறு நெருக்கியவிடத்தும் எதுகை வழுவிற்றிலது. இகலிய, புகலி, பாணி, தோணி, ஊழி, காழி, எச்சன், கொச்சை என இணைவன காண்க.

இனி, எழுதல் என்னும் வினை ஏழாகவும், ஐயுறுதல் ஐந்தாகவும் எண்ணப்படுதல் குற்றமெனின், அற்றன்று. ஓசையால் எண்ணையும் பொருளால் வினையையும் ஒரு சொல்லே தருதல் சித்திரகவிக்கு உடன்பாடு. அவ்விடங்களில் எண்ணின் பொருட்டுக் கருத்து வளைக்கப்படாது, கருத்துச் சென்ற வழியே எண் அமைந்துள்ளது.

தான் திரிபின்றி நின்று உலகை விரித்து ஒடுக்குபவன் இறைவன் என்பது சித்தாந்தம். பாட்டும் அவனது ஓருருவிற் றொடங்கி, தத்துவங்களும் பூதங்களும் விரிவதனைக் கூறி, இருமையும் ஒருமையும் கூறும் இடத்தில் எண்ணை ஒடுக்குகின்றது. ஆகலின் ஈண்டு யாப்பே பொருளை உணர்த்துகின்றது. எண்ணை மட்டும் எண்ணி அமைவார்க்கு இது விளையாட்டு. பொருளோடு ஓதுவார்க்கு வழிபாடு.