பொது அலைக்கற்றையில் செல்போன் நிறுவனங்கள்: ஆதாயமும் நியாயமும்

2022 ஆகஸ்ட் 1 அன்று முடிந்த 5ஜி ஏலத்தில் மத்திய அரசுக்குக் கிடைத்த தொகை சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய். ஜியோ மட்டும் 88,078 கோடிக்கு அலைக்கற்றை எடுத்தது. அதே ஜியோ, ஏர்ஃபைபர் என்ற பெயரில் வீடுகளுக்குத் தரும் இணைய இணைப்புகளில் ஒரு பகுதியை, ஏலத்தொகையே இல்லாத அலைக்கற்றையில் நடத்துகிறது. ‘யூபிஆர்’ எனப்படும் இந்த வகை இணைப்புகள், உரிமம் தேவையற்ற அலைவரிசையில் இயங்கும் ரேடியோக்களை நம்பியவை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் அறிக்கைகளிலேயே இவை இப்போது இடம்பெறுகின்றன.

சட்டப்படி இதில் தவறு எதுவும் இல்லை. 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது, தனக்கு இடையூறு வந்தால் பாதுகாப்புக் கேட்கக் கூடாது, பகிர்ந்தே பயன்படுத்த வேண்டும் என்பவை அதன் அடிப்படை நிபந்தனைகள். வீட்டு வைஃபை பெட்டிக்கும் பெரிய நிறுவனத்தின் கருவிக்கும் அங்கே ஒரே தகுதிதான். ஆனால், தகுதி சமமாக இருந்தால் மட்டும் பங்கும் சமமாகிவிடுமா? இந்தக் கேள்விக்கு விடை தேட, 2013 முதல் 2017 வரை அமெரிக்காவில் நடந்த ‘எல்டிஇ-யூ’ விவாதத்தைத் திரும்பிப் பார்ப்பது பயன் தரும்.

உரிமம் இல்லாத அலைக்கற்றை என்ற ஏற்பாட்டுக்கு 1985-இல் வழி திறந்தது அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், அதாவது எஃப்சிசி. மைக்ரோவேவ் அடுப்புகளும் தொழிற்சாலைக் கருவிகளும் இரைச்சல் எழுப்பிய, யாரும் விரும்பாத அலைவரிசைகளை அது பொதுப் பயன்பாட்டுக்கு விட்டது. 1997-இல் வைஃபைக்கான முதல் தரநிலை வெளியானது. யாரிடமும் அனுமதி கேட்காமல், கட்டணம் கட்டாமல் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க முடிந்ததே அதன் வெற்றிக்கு முக்கியக் காரணம்.

அந்தச் சுதந்திரத்தின் மதிப்பைத் தேனியில் பார்க்கலாம். 2000-களின் நடுவில் அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, சுற்றுவட்டாரக் கண் மையங்களைத் தேனி மருத்துவமனையுடன் நெடுந்தொலைவு வைஃபை மூலம் இணைத்தார்கள். கிராமத்து நோயாளி பஸ் ஏறாமல், வீடியோவிலேயே தேனி மருத்துவரிடம் காட்டிக்கொள்ள முடிந்தது. அலைக்கற்றையை விலை கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இருந்திருந்தால் இந்தத் திட்டம் தொடங்கியே இருக்காது.

இந்தப் பொது வெளிக்குள் செல்போன் நிறுவனங்கள் வர விரும்பியதற்கு வலுவான காரணம் உண்டு. 2016-இல் உலக மொபைல் டேட்டாவில் 60 சதவீதம் வைஃபை அல்லது குட்டி செல்கள் வழியாக நிலைவழி இணைப்புகளுக்கு இறக்கிவிடப்பட்டதாக சிஸ்கோ கணக்கிட்டது. எப்படியும் வாடிக்கையாளர் அந்த அலைக்கற்றைக்குத்தான் போகிறார் என்றால், வைஃபைக்குப் பதில் 4ஜி செல்போன்களின் எல்டிஇ தொழில்நுட்பத்தையே அங்கே இறக்கலாமே என்று சிப் தயாரிப்பு நிறுவனமான குவால்காம் 2013-இல் முன்மொழிந்தது. அதுதான் எல்டிஇ-யூ. கட்டுப்பாட்டுச் சமிக்ஞைகள் நிறுவனத்தின் சொந்த அலைக்கற்றையில் போகும். டேட்டாவின் ஒரு பகுதி 5 கிகாஹெர்ட்ஸில் கூடுதலாகப் பாயும். பயனர் பாஸ்வேர்டு போட வேண்டியதில்லை. நடந்துகொண்டே பேசினாலும் இணைப்பு அறுவதில்லை. யார் எப்போது அனுப்புவது என்று கோபுரமே நேரம் பிரித்துத் தருவதால் நெரிசலிலும் வேகம் அதிகம் சரிவதில்லை. 2017 ஆகஸ்டில் ஃபுளோரிடாவின் போகா ரட்டோனில் வெரைசன், எரிக்சன், குவால்காம் ஆகிய மூன்றும் இதே வழியின் மாற்று வடிவம் ஒன்றில் நொடிக்கு 953 மெகாபிட் வேகத்தைத் தொட்டுக் காட்டின. இது உண்மையான ஆதாயம்.

சிக்கல், எல்டிஇ பிறந்து வளர்ந்த விதத்தில் இருக்கிறது. வைஃபை ஒவ்வொரு முறையும் அனுப்புவதற்கு முன் காற்றைக் கேட்கும். வேறு யாரேனும் பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். பேச்சு ஓய்ந்ததும் ஒன்பது மைக்ரோநொடிப் படிகளாக எண்ணிவிட்டுத்தான் தொடங்கும். மோதல் நேர்ந்தால் காத்திருக்கும் நேரத்தின் வரம்பை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். எல்டிஇயோ ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமான அலைக்கற்றைக்காக வடிவமைக்கப்பட்டது. கேட்க வேண்டிய தேவையே அதற்கு இருந்ததில்லை. எல்டிஇ-யூ செய்ததெல்லாம் அக்கம்பக்கத்து நெரிசலை அளந்து, சில பத்து மில்லிநொடிகள் ஒலிபரப்பி, சில பத்து மில்லிநொடிகள் ஓய்வெடுத்தது மட்டுமே. ஓய்வு முடிந்து அது மறுபடி தொடங்கும் நொடியில் பாதிப் பேச்சில் இருக்கும் வைஃபைக்கு அந்தத் தரவுப் பொட்டலம் வீண்.

இன்னொரு நுட்பமான அநீதியும் உண்டு. ஒரு வைஃபை கருவி மற்றொரு வைஃபையின் தொடக்கக் குறியை மைனஸ் 82 டிபிஎம் அளவுக்குப் பலவீனமாக வந்தாலும் அடையாளம் கண்டு ஒதுங்கும். அடையாளம் தெரியாத வேறு ஒலிபரப்பு என்றால் மைனஸ் 62 டிபிஎம் வந்தால்தான் உணரும். இடைவெளி 20 டெசிபெல், அதாவது நூறு மடங்கு. ஆகவே சற்றுத் தொலைவில் இருக்கும் எல்டிஇ, வைஃபையின் காதுக்கு எட்டாமலே அதன் உரையாடலைக் கெடுத்துவிட முடியும்.

2015-இல் கூகுள் இதை ஆய்வறிக்கையாகவே எஃப்சிசியிடம் வைத்தது. கேபிள் நிறுவனங்களும் எதிர்த்தன. வைஃபைக்குப் பக்கத்தில் இன்னொரு வைஃபை இருப்பதைவிட எல்டிஇ-யூ நல்ல அண்டைவீட்டார் என்று குவால்காம் வாதிட்டது. 2016 செப்டம்பரில் வைஃபை கூட்டமைப்பு, இரண்டும் சேர்ந்து வாழ்வதைச் சோதிக்கும் முறை ஒன்றை வகுத்தது. 2017 பிப்ரவரியில் எஃப்சிசி முதல் எல்டிஇ-யூ கருவிகளுக்கு ஒப்புதல் தந்தது; ஜூனில் டி-மொபைல் ஆறு நகரங்களின் சில பகுதிகளில் சேவையைத் தொடங்கியது.

ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இந்தச் சண்டைக்கே இடமில்லாமல் போனது. பேசும் முன் கேட்க வேண்டும் என்பது அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் விதியிலேயே இருந்தது. அந்த விதிக்குப் பொருந்தும்படி, 3ஜிபிபி தரநிலை அமைப்பு 2016-இல் ‘எல்ஏஏ’ என்ற மாற்று வடிவத்தை முடித்துத் தந்தது. அதன் காத்திருப்பு முறை வைஃபையின் முறையை ஒட்டியது. ஏடி அண்ட் டி எல்டிஇ-யூவை விட்டுவிட்டு நேராக எல்ஏஏவுக்குப் போனது. மற்ற நிறுவனங்களும் அதே வழியில் திரும்பின. ஒரு விதி உலகத் தரநிலையையே திருத்தியது என்பது இந்த வரலாற்றின் மிக முக்கியமான பாடம்.

எல்ஏஏவும் குறையற்றது அல்ல. எல்டிஇ தன் கடிகாரத்தில் குறிப்பிட்ட அரை மில்லிநொடி எல்லைகளில்தான் தரவு அனுப்பத் தொடங்கும். காற்று அதற்கு முன்பே காலியாகிவிட்டால், அந்த எல்லை வரும்வரை இடத்தைப் பிடித்து வைக்க வெற்றுச் சமிக்ஞையை அனுப்புவது வழக்கம். அந்த நேரத்தில் யாருக்கும் எந்தத் தரவும் போய்ச் சேர்வதில்லை. மற்றவர்கள் மட்டும் காத்திருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய குறை, சொந்த உரிமம் இல்லாதவர் எல்ஏஏவைப் பயன்படுத்தவே முடியாது என்பது. கட்டுப்பாட்டுச் சமிக்ஞைக்கு ஏலத்தில் எடுத்த அலைக்கற்றை கட்டாயம் வேண்டும். தோட்டத்தில் சொந்தக் கிணறு வைத்திருப்பவர் கண்மாய்த் தண்ணீரிலும் பங்கு கேட்பதைப் போன்றது இது. ஆயக்கட்டில் அவருக்கும் நிலம் இருந்தால் பங்கை மறுக்க முடியாது. ஆனால் முறை வரும்வரை அவரும் மடையோரம் காத்திருக்கத்தான் வேண்டும். கண்மாய் வற்றினால் அவருக்குக் கிணறு இருக்கிறது, பக்கத்து வயல்காரருக்கு வேறு கதி இல்லை. தனித்தே இயங்கும் மல்ட்டிஃபயர் என்ற வடிவமும், பிறகு 2020-இல் 5ஜிக்கான என்ஆர்-யூ தரநிலையும் உரிமமற்றவர்களுக்குக் கதவைத் திறந்தன. பெரிய நிறுவனங்கள் அவற்றில் அதிக அக்கறை காட்டவில்லை.

கொள்ளளவுப் பிரச்சினையை இந்த வழி எவ்வளவு தீர்த்தது? விதிகள் அனுமதிக்கும் சக்தி குறைவு என்பதால் ஒரு செல்லின் வீச்சு சிறியது. ஒவ்வொரு தெருக் கம்பத்துக்கும் கருவி, மின்சாரம், ஃபைபர் எல்லாம் வேண்டும். அலைக்கற்றை இலவசம் என்றாலும் கட்டுமானம் இலவசமில்லை. அதனால் எல்ஏஏ பெரும்பாலும் நகர மையங்களையும் விளையாட்டு அரங்குகளையும் போன்ற இடங்களில் நின்றது. வைஃபை மிக நெருக்கமாக இருப்பதும் அங்கேதான். 2021-இல் முடிந்த அமெரிக்க சி-பேண்ட் ஏலத்தில் நிறுவனங்கள் 8,100 கோடி டாலர் கொட்டிய பின் இதன் அவசரமும் குறைந்தது. நெரிசல் நேரத்து வேகத்தைக் கூட்டும் துணைக்கருவி என்ற அளவில் இது பயனுள்ளது. சொந்த அலைக்கற்றைக்கு மாற்றாக இதைக் கருத முடியாது.

இந்தியாவுக்கு இந்த அனுபவம் இப்போது தேவைப்படுகிறது. 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியில் 500 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றித் திறப்பதற்கான வரைவு விதிகளை மத்திய அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் நிறுவனங்களின் வணிகச் சேவைகள் பெருகிவருகின்றன. செல்போன் நிறுவனங்களை இந்த வெளியிலிருந்து விரட்ட வேண்டியதில்லை. அவர்கள் வருவதால் பயனருக்கு நன்மை உண்டு. ஆனால் ‘இடையூறு செய்யாதே’ என்ற பொது வாசகம் போதாது. பேசும் முன் கேட்பதையும், ஒரே மூச்சில் பேசும் நேரத்துக்கான உச்ச வரம்பையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் 6 கிகாஹெர்ட்ஸுக்கும் தொழில்நுட்ப விதியாகவே அரசு எழுத வேண்டும். வணிக நோக்கில் பெருமளவில் பயன்படுத்தும் நிறுவனங்கள் எந்த ஊரில், எந்தச் சேனலில் இயங்குகின்றன என்பதை ட்ராய் வெளியிட வேண்டும். ஏலத்தில் பங்கேற்க வசதியில்லாத மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் சிறு கேபிள் நடத்துநருக்கும் மிஞ்சியிருப்பது இந்த அலைக்கற்றை ஒன்றுதான்.