பத்து காஜா கோட்டையும் நம்மவர் இலக்கியமும்

பத்து காஜாவிலிருந்து கோப்பேங் செல்லும் பாதையில், ராயா ஆற்றோரத்து மேட்டின்மீது, கெல்லி கோட்டை என்று ஜனங்கள் வழங்கும் முற்றுப்பெறாத மாளிகை ஒன்று நிற்பதை வாசகர்கள் அறிவர். விடுமுறை நாளில் பிள்ளைகுட்டிகளோடு சென்று அதனைப் பார்த்திராத ஈப்போத் தமிழர் சொற்பமே. அதன் அழகை வருணிப்பது இன்று நமது நோக்கமன்று. அம்மாளிகை நமது பாரம்பரியச் செல்வம் என்று சொல்லப்படுகிறதே, அதில் ‘நமது’ என்ற சொல் யாரைக் குறிக்கின்றது என்று கேட்கவே முன்வந்தோம்.

ஸ்காத்லாந்தில் 1870-ல் பிறந்து, 1890-ல் மலாயா வந்து, கிந்தா கெல்லாஸ் தோட்டத்திற்கு அதிபதியானவர் வில்லியம் கெல்லி ஸ்மித் துரை. 1915-ல் அவர் இம்மாளிகையைக் கட்டத் தொடங்கினார். சென்னையிலிருந்து 70 வேலையாட்களையும், செங்கல்லையும், சலவைக்கல்லையும் கப்பலேற்றி வரவழைத்தார் என்பர். மலாயாவிலேயே முதல் மின்தூக்கி இங்குதான் அமைவதாக இருந்ததாம். இடையில் விஷக்காய்ச்சல் பரவி வேலையாட்கள் பலர் மாண்டனர். 1926-ல் துரை லிஸ்பன் நகரில் காலமானார். அவர் மனைவியார் சொத்தை விற்றுவிட, வீடு அரைகுறையாகவே நின்றுவிட்டது.

இவ்வரலாற்றை வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லும் முறையைக் கவனியுங்கள். வராத மின்தூக்கிக்கு ஒரு பத்தி. சுரங்கப்பாதைக்கு ஒரு பத்தி. பேய்க் கதைக்கு இரண்டு பத்தி. 1999-ல் அமெரிக்கப் படக்காரர்கள் வந்து படம் பிடித்ததற்கு இன்னொன்று. செங்கல் சுமந்தவனுக்கோ ‘காய்ச்சலில் இறந்தனர்’ என்ற ஒரே வாக்கியம். அவன் ஊர் எது, பெயர் என்ன, எங்கே புதைக்கப்பட்டான் என்று எழுதியவரும் கேட்கவில்லை, படிப்பவரும் கேட்பதில்லை. பேய்க்கு உள்ள மரியாதைகூட ஆளுக்கு இல்லை!

மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் வேலையாட்களுக்காகத் துரை உதவிக் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதில் தெய்வ உருவங்களுக்கு நடுவே, தொப்பியணிந்த வெள்ளைக்காரர் உருவம் ஒன்றும் உண்டு. அவர் கெல்லி துரையே என்பர். இதைக் கண்டு சிரிப்போர் உண்டு; நமக்குச் சிரிப்பு வரவில்லை. கலை என்ற முறையில் பார்த்தால், கோட்டை முழுவதிலும் இல்லாத உண்மை இந்தச் சிறு உருவத்தில் இருக்கிறது. கூலி கொடுப்பவனையும் மழை கொடுப்பவளையும் ஒரே வரிசையில் வைத்த மனத்தின் நிலைமை அதில் அப்படியே தெரிகின்றது. அது பக்தியா, அச்சமா, நன்றியா, நகையா? பார்ப்பவர் தீர்மானித்துக்கொள்ளட்டும். அதை வடித்த கை எவருடையது என்று மட்டும் எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை.

பத்து காஜாவைச் சேர்ந்த செண்டரோங்கில், 1938-ல் கட்டப்பட்டு 1982 வரை ஓடிய ஈயக் கப்பலொன்று பொருட்காட்சியாக நிற்கிறது. அதன் எடை 4,500 டன் என்பது பலகையைப் பார்த்த சிறுவனுக்கும் தெரியும். ஊரிலுள்ள கிறிஸ்துவக் கல்லறைத் தோட்டத்தில், 1948-ல் தொடங்கிய அவசரகாலத்தில் மாண்ட தோட்டத் துரைமார்களுக்குப் பெயர் பொறித்த கற்கள் உண்டு. அவை இருப்பது நியாயமே. இறந்தவர் எவராயினும் பெயர் வேண்டும். நமது வழக்கு மற்றவர் கல்லைப் பற்றியதன்று, நம்மவர்க்குக் கல் இல்லாததைப் பற்றியது.

நிற்க. இவ்விஷயத்தில் உக்ரேன் தேசத்தாரைப் பார்த்து நாம் கற்கவேண்டியது அதிகம். அந்நாட்டின் தலைசிறந்த கவியான தாராஸ் ஷெவ்சென்கோ 1814-ல் பண்ணையடிமையாகப் பிறந்தவர். ஆண்டையின் வீட்டில் எடுபிடியாக இருந்தவர், ஓவியம் பயின்றார். 1838-ல் ஓவியர் பிரயுலோவ் வரைந்த படமொன்றைச் சீட்டுக் குலுக்கலில் வைத்து, வந்த 2,500 ரூபிளைக் கொண்டு நண்பர்கள் அவரை விலைகொடுத்து மீட்டார்கள். இரண்டே ஆண்டில் ‘கோப்ஸார்’ என்ற அவர் கவிதை நூல் வெளிவந்தது. 1847-ல் ஜார் சர்க்கார் அவரைப் பிடித்துப் பட்டாளத்துச் சிப்பாயாகத் தூரதேசம் ஓட்டியது. எழுதவும் கூடாது, வரையவும் கூடாது என்று சக்கரவர்த்தி தம் கையாலேயே உத்தரவில் சேர்த்தெழுதினார். 1876-ல் அம்மொழியில் நூல் அச்சிடுவதையே தடுத்து ஆணை பிறந்தது. அப்படியிருந்தும், அந்நாட்டார் இன்று தம் பாரம்பரியம் என்று முதலில் சுட்டிக்காட்டுவது ஆண்டையின் அரண்மனையை அன்று. அடிமையாய்ப் பிறந்தவனின் சொல்லையே.

2022-ல் ரஷ்யப் படையெடுப்பின்போது, ஸ்கொவொரோதா என்ற 18-ம் நூற்றாண்டு ஞானியின் நினைவுப் பொருட்காட்சிச்சாலை ஏவுகணையால் அழிந்தது. ஊரார் அதற்கு முன்பே முக்கியமான பொருள்களை வேறிடம் கொண்டு சேர்த்திருந்தனர். அதே ஆண்டு வலாதிமிர் வகுலென்கோ என்ற எழுத்தாளர், சிப்பாய்கள் தம்மைப் பிடித்துச் செல்லுமுன், தமது நாட்குறிப்பைத் தோட்டத்துச் செர்ரி மரத்தடியில் புதைத்து வைத்தார். அவர் உயிரோடு திரும்பவில்லை. விக்டோரியா அமெலினா என்ற எழுத்தாளர் அம்மண்ணைத் தோண்டிக் குறிப்பை மீட்டார். அடுத்த ஆண்டு அந்த அம்மையாரும் ஏவுகணைக்கு இரையானார்.

நம் பக்கம் தோண்டுவார் யார்? 1942, 1943-ம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுபோனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காஞ்சனபுரியில் மேல்நாட்டுக் கைதிகளுக்கு ஆளுக்கொரு கல் வைத்து, புல் வெட்டிப் பராமரிக்கிறார்கள். தமிழனுக்கு அவ்வாறு ஆளுக்கொரு கல் கிடையாது. அவனுக்குக் கிடைத்தவை நாவல்களே. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார்; அ. ரெங்கசாமி தமது நாவலுக்கு ‘நினைவுச் சின்னம்’ என்றே பெயரிட்டார். சர்க்காரும் சங்கங்களும் கட்டியிருக்க வேண்டியதைத் தனி மனிதர் காகிதத்தில் கட்டினர் என்பதை அப்பெயரே சொல்லவில்லையா? அகிலனின் ‘பால்மரக்காட்டினிலே’யும் நமக்கு வேண்டியதே. ஆனால் அது விருந்தினராக வந்து கண்டவரின் இரக்கம். இவை வீட்டார் சொல்லும் துக்கம். இரண்டும் ஒன்றாகா.

குறையும் சொல்லிவிடுவோம். நம் தோட்டக் கதைகளிற் பலவற்றில் தொழிலாளி அழுகிறான், குடிக்கிறான், அடிபடுகிறான். அவன் வேலை செய்வதை மட்டும் காணோம். விடியுமுன் பெரட்டுக்கு நின்றது, உள்மரத்தில் காயம் படாமல் பட்டையில் உளியை இழுத்தது, மங்கில் பால் சேர்த்தது, காண்டாவாளி தோளில் அழுத்தியது, ஒட்டுப்பால் நாற்றம், ஆயாக் கொட்டகையில் விட்ட பிள்ளையின் நினைவு ஆகிய இவையல்லவா அவன் வித்தையும் வாழ்வும்? அவனைப் பரிதாபத்துக்குரியவனாக மட்டும் காட்டும் எழுத்து, துரையின் கணக்குப் புத்தகத்தைவிட அதிகமாக அவனுக்கு எதுவும் கொடுத்துவிடவில்லை என்பது நமது அபிப்பிராயம். மேற்சொன்ன சொற்களுக்கு இன்று பட்டணத்துப் பேரப்பிள்ளைகளிடம் பொருள் கேட்டுப் பாருங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, சொற்களும் அவற்றோடு இடிந்துகொண்டிருக்கின்றன. 1981-ல் யாழ்ப்பாண நூல்நிலையத்தில் 97,000 நூல்களைத் தீயிட்டவர் பிறர். இங்கே தீ வேண்டுவதில்லை; நமது அசட்டையே போதும். 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ இதழ்கள் எத்தனை வீடுகளில் பழைய காகிதமாக எடைக்குப் போயினவோ!

ஆதலால் நாம் கோருவது இரண்டு. கெல்லி கோட்டையில் கட்டியவரின் கதை தமிழில் எழுதி வைக்கப்படவேண்டும். தோட்டத்துச் செக்ரோல் புத்தகம் எங்கேனும் எஞ்சியிருந்தால் அதன் ஒரு பக்கமாவது கண்ணாடிக்குள் காட்டப்படவேண்டும். இது அதிகாரிகளின் பொறுப்பு. மற்றது நம் வாசகர்களுடையது. கிந்தாப் பள்ளத்தாக்கில் பால் வெட்டிய பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும், வைதவனை வைத வசவையும்கூட, திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், எழுதிய தேதி ஆகியவற்றையும் பக்கத்தின் தலைப்பில் குறியுங்கள்.